மூன்றாம் மாடியில் இரண்டு தடவை பொங்கிய பால்

வீட்டு முகவர் எழுதி அனுப்பிய விற்பனை விளம்பரத்தில் இரண்டு பிழைகள் இருந்தன. எங்கள் தொடர்மாடி 1935இல் கட்டப்பட்டது என்று போட்டிருந்தார், அது 1937. வரவேற்பறையின் தரை தேக்கு என்று போட்டிருந்தார், அது ஓக். குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் இரண்டையும் திருத்திக் கொடுத்தேன். மற்றதெல்லாம் சரி. போருக்கு முந்திய நேர்த்தியான கட்டடம், கிழக்கு லண்டனின் வான்ஸ்டெட்டில் அமைதியான தெரு, வளைந்த மூலை யன்னல்கள், இரும்பு மடிப்புக் கதவு போட்ட லிஃப்ட், பின்புறம் எல்லோருக்கும் பொதுவான புல்வெளி. நான் வாசிக்க, வீட்டுக்காரி பியற்றிஸ் ஞானரட்ணம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அடுப்பைப் பற்றி ஒண்டும் போடேல்லையே, அண்ணை?"

"அடுப்பைப் பற்றி என்னத்தைப் போடுறது?"

"என்ரை சொல்லு மட்டும்தான் கேக்கும் எண்டு போடுங்கோ."

சொல்லிவிட்டுத் தேநீர் போட எழுந்தார். அந்தக் காஸ் அடுப்பை எனக்கும் தெரியும். குமிழை உள்ளே அழுத்தித் திருப்பவேண்டும். சுவாலை வந்த பின்னும் கையை எடுக்கக் கூடாது. சற்றுப் பொறுத்து, கொஞ்சம் பின்னோக்கித் திருப்பி, அதன் பிறகுதான் விடவேண்டும். அவசரப்பட்டால் அணைந்துவிடும். புதியது வாங்கச் சொல்லி மகள் றஜீனா பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வேலை செய்கிற ஒன்றை எப்படி எறிவது என்பது பியற்றிஸின் கேள்வி.

பியற்றிஸ் மன்னார் பேசாலையில் பிறந்தவர். 1986இல் கணவர் ஞானரட்ணத்துடன் லண்டன் வந்தார். கணவருக்கு பெற்றோல் நிலையத்தில் வேலை. இவருக்கு பஸ் டிப்போ ஒன்றில் இரவு நேரத்தில் பஸ் கழுவும் வேலை. கழுவிய பஸ்களை வரிசையில் நகர்த்தி நிறுத்த ஆள் போதாமல் இருந்த ஒரு நாள், "நான் நகர்த்தட்டோ?" என்று மேற்பார்வையாளரிடம் கேட்டிருக்கிறார். அவர் சிரித்தாராம். அடுத்த ஆண்டு இவர் பயிற்சிக்குப் போனார். 1994இலிருந்து இருபத்திரண்டு வருடங்கள் இரட்டைத் தட்டு பஸ் ஓட்டினார்.

இந்த வீட்டை அவர் முதலில் பார்த்ததும் சாரதி இருக்கையிலிருந்துதான். எங்கள் கட்டடத்துக்கு எதிரே பஸ் தரிப்பிடம் இருக்கிறது. இரட்டைத் தட்டு பஸ்ஸின் கண்ணாடிக்குள் மூன்றாம் மாடியின் வளைந்த யன்னல் அப்படியே வந்து நிற்கும் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார். அங்கே தனியாக இருந்த வயோதிப மாது இறந்த பின், யன்னல் பல மாதங்கள் திரைச்சீலை இல்லாமல் கிடந்தது. ஒரு ஓய்வு நாளில் பியற்றிஸ் வந்து கீழ் வாசல் மணியை அடித்தார். நான் கதவைத் திறந்தேன்.

"அந்த யன்னல் வீடு விக்கிறதோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்கள் தமிழோ?" என்றார்.

1999இல் அது அவருடையதாயிற்று.

எங்கள் கட்டடத்தில் வீடு வாங்குவது மற்ற இடங்களைப் போல அல்ல. கட்டடம் முழுவதும் குடியிருப்பாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். வீட்டை வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது சங்கத்தின் பங்குகளை. ஆகவே வாங்க வருபவர்களை ஐந்து பேர் கொண்ட செயற்குழு நேரில் பார்த்து ஒப்புதல் அளிக்கவேண்டும். ஒப்புதல் பெறாத எவரும் வீட்டைக் கையேற்றல் ஆகாது என்பது சங்கம் தொடங்கிய நாளிலிருந்தே உள்ள விதி. செயலாளராகிய எனக்கு வாக்கு இல்லை. எழுதுவது மட்டுமே என் வேலை.

பியற்றிஸைப் பற்றி இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒருமுறை அவர் ஓட்டிய பஸ்ஸில் நான் மேல்தட்டில் இருந்தேன். நெருக்கமான தெருவில், நிறுத்தியிருந்த கார் ஒன்றின் பக்கக் கண்ணாடியை பஸ் உரசியது. யாரும் கத்தவில்லை. காரில் ஆள் இல்லை. பஸ்ஸை நிறுத்தி, பயணிகளிடம் மன்னிப்புக் கேட்டு, இறங்கிப் போய்த் தன் பெயரையும் டிப்போவின் பெயரையும் எழுதிக் காரின் துடைப்பானில் செருகிவிட்டு வந்தார். அதற்காக அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. "ஆரும் காணேல்லையே, ஏன் பிள்ளை?" என்று பிறகு கேட்டேன். "நான் கண்டனான்தானே, அண்ணை" என்றார்.

ஞானரட்ணம் 2009இல் காலமானார். பியற்றிஸின் வலது முழங்கால், ஓய்வு பெறும் முன்பே பழுதாகத் தொடங்கியிருந்தது. எங்கள் லிஃப்ட் பார்க்க அழகானது. ஆனால் மாதத்தில் ஒரு கிழமையாவது நின்றுவிடும். மனோர் பார்க்கில், றஜீனாவின் வீட்டுக்கு அடுத்த தெருவில், தரைத்தளத்தில் சிறிய வீடு ஒன்று விற்பனைக்கு வந்தது. "படி இல்லை. கோயிலுக்கு நடந்து போகலாம். பூசை முடிய நடந்தே வரலாம்" என்றார். கோயில் என்று அவர் சொன்னது தேவாலயத்தை. நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, முன் பணம் செலுத்தி முடிக்காவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று அந்த வீட்டுக்காரர் திட்டமாகச் சொல்லியிருந்தார். இந்த வீடு விற்றால்தான் அந்த வீடு.

வாங்க வந்தவர்கள் செவன் கிங்ஸில் வாடகைக்கு இருந்த இளம் தம்பதியர், சுஜீத்தும் ஜதுர்ஷிகாவும். சுஜீத்தின் தாய் சிவனேஸ்வரி அவர்களுடன்தான் இருக்கப்போகிறார். மூவருக்கும் வீடு பிடித்துப்போயிற்று. சிவனேஸ்வரி வளைந்த யன்னலருகே நின்று கிழக்கு எது என்று கேட்டார். சுவரில் மடு மாதாவின் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு, எப்போது கைமாறும் என்றார்.

"டிசெம்பர் இருபத்திரண்டு" என்றான் சுஜீத்.

"அது மார்கழியெல்லே!"

மார்கழியில் புதுவீட்டுக்குக் குடிபோகும் வழக்கம் எங்களிடம் இல்லை. தை பிறக்கும் வரை பொறுக்கவேண்டும் என்றார் சிவனேஸ்வரி. தாய் ஒப்பாமல் மகன் கையெழுத்து வைக்கமாட்டான் என்பது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது. தை வரை பொறுத்தால் மனோர் பார்க் வீடு போய்விடும்.

பியற்றிஸ்தான் வழி சொன்னார். "அக்கா, கார்த்திகை முடிய முதல் ஒரு நல்ல நாள் பாருங்கோ. வந்து இஞ்சை பால் காய்ச்சிப்போட்டுப் போங்கோ. குடிபூந்த கணக்குத்தானே. பிறகு சாமானோட எந்த மாதம் வந்தாலென்ன?"

சிவனேஸ்வரி மாதாவின் படத்தை மறுபடி பார்த்தார். "உங்கட வீட்டிலையோ?"

"என்ரை வீட்டிலைதான். உங்களுக்கு விக்கிற வீட்டில."

"வேதக்காரர் எண்டாலும் எங்கட வழமை வடிவாத் தெரிஞ்சிருக்கு."

"இருபத்திரண்டு வரியம் பஸ் ஓடினனான், அக்கா. எல்லாற்றை கதையும் காதில விழும்."

நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை காலையில் வந்தார்கள். நானும் அழைக்கப்பட்டிருந்தேன். சிவனேஸ்வரி ஹோலில் குத்துவிளக்கேற்றிக் கண்ணை மூடித் தேவாரம் பாடத் தொடங்கினார். சுஜீத் அருகே நின்றான். ஜதுர்ஷிகா பால் பாத்திரத்துடன் சமையலறைக்குள் போனாள். பியற்றிஸ் பின்னால் போனார். கொஞ்ச நேரத்தில் பால் பொங்கியது. எல்லோரும் மகிழ்ந்தோம்.

பால் பாத்திரத்தோடு நிற்கவில்லை. அடுப்பில் வழிந்து கருகியது. அதே நேரம் ஹோலில் கற்பூரம் ஏற்றப்பட்டது. சென்ற கோடையில் கட்டடம் முழுவதும் புதிதாகப் பொருத்திய புகை அலாரம் அலறியது. அறிவித்தல் பலகையில் நானே ஒட்டிய விதிப்படி எல்லா வீட்டாரும் இறங்கிப் புல்வெளிக்கு வந்தார்கள். உறைபனி படிந்திருந்த புல். செயற்குழு உறுப்பினரான மிஸ்டர் விட்லொக் ஒரு கன்னத்தில் சவர நுரையுடன், வீட்டுச் செருப்புடன் நின்றார். சிவனேஸ்வரி பட்டுச்சேலையில், கையில் கற்பூரத் தட்டுடன் நின்றார். "பொங்கினது நல்ல பொங்கல்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

அதோடு முடிந்திருக்கும். சுஜீத் நல்ல பிள்ளை. அன்றிரவே எல்லா வீட்டாருக்கும் மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினான். எங்கள் புதுமனை புகும் சடங்கால் உங்களுக்கு ஏற்பட்ட இடைஞ்சலுக்கு வருந்துகிறோம் என்று எழுதியிருந்தான். மிஸ்டர் விட்லொக் அதை அச்செடுத்து, ஒரு வரியின் கீழ்க் கோடிட்டு எனக்குத் தந்தார். ஒப்புதல் கிடைக்குமுன் புதுமனை புகுந்தால், அது கையேற்றல் இல்லாமல் வேறென்ன? விதி மீறப்பட்டுள்ளது, விண்ணப்பத்தை நிராகரிக்கவேண்டும் என்பது அவர் வாதம். வாதத்தில் வன்மம் இல்லை. விதிகளை வாசிக்கும் உறுப்பினர் எங்கள் குழுவில் அவர் ஒருவர்தான்.

செயற்குழு டிசெம்பர் பதினான்கு, ஞாயிறு மாலை கூடுவதாக இருந்தது. முதல் நாள் பியற்றிஸ் என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணை, அண்டைக்கு அடுப்பு மூட்டினது அந்தப் பிள்ளையில்லை. நான்."

"என்ன சொல்லுறீர்?"

"அவள் மூண்டு தரம் மூட்டிப் பாத்தாள். நூந்து நூந்து போச்சு. அங்கால தேவாரம் முடியப்போகுது. நான் மூட்டிக் குடுத்தன். மாமிக்குச் சொல்லாதேங்கோ ஆன்ரி எண்டவள்."

இதன் பொருள் எனக்கு உடனே விளங்கியது. வீட்டுக்காரி தன் வீட்டில் தன் அடுப்பை மூட்டியிருக்கிறார், வந்தவர்கள் விருந்தாளிகள். கையேற்றல் என்ற பேச்சுக்கே இடமில்லை. "அதை நாளைக்குச் சொன்னீரெண்டால் விட்லொக்கின்ரை வாய் மூடும்" என்றேன்.

"சிவனேஸ்வரி அக்காவின்ரை காது திறக்கும்."

அதுவும் சரி. அடுப்பை மூட்டியது விற்கிறவர் என்றால், பால் காய்ச்சியது அவர்கள் அல்ல. குடிபுகுந்த கணக்கும் இல்லை. தை வரை பொறு என்பார். இரண்டில் எது நடந்தாலும் மனோர் பார்க் போய்விடும்.

"அப்ப பேசாமல் இரும். கேட்டால் பாப்பம்."

"கேட்டால் சொல்லுவன்" என்று எழுந்து, கைப்பிடியைப் பிடித்துப் படியேறினார். அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை.

கூட்டம் கீழ்த்தளப் பொது அறையில் நடந்தது. தலைவி மிசிஸ் பார்சன்ஸ் வழமையான கேள்விகளைக் கேட்டார். என்ன வேலை, இசைக்கருவி வாசிப்பீர்களா, நாய் உண்டா. தம்பதியர் அளவாகப் பதில் சொன்னார்கள். சிவனேஸ்வரி அவர்களுக்குப் பின்னால், கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு மிஸ்டர் விட்லொக் மின்னஞ்சலை மேசையில் வைத்தார். புகும் சடங்கு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்தச் சடங்கில் முக்கியமான செயல் எது என்று கேட்டார். அடுப்பு மூட்டிப் பால் பொங்கவைப்பது என்றான் சுஜீத்.

"அப்படியானால் அடுப்பை மூட்டியது யார்?"

ஜதுர்ஷிகாவின் வாய் திறந்தது. மாமியார் தன் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். அவள் "நான்" என்று சொல்லியிருந்தால் விண்ணப்பம் அங்கேயே முடிந்திருக்கும். அவள் சொல்லுமுன் பியற்றிஸ் கையை உயர்த்தினார்.

"நான்தான் மூட்டினேன்" என்றார் ஆங்கிலத்தில். "அது என் அடுப்பு. எனக்கு மட்டும்தான் மூட்டத் தெரியும். அவர்கள் என் விருந்தாளிகள். பால் பாத்திரத்தை அவள் வைத்தாள். நெருப்பை நான் வைத்தேன். கருகவிட்டதற்கு நானே மன்னிப்புக் கேட்கிறேன்."

மிஸ்டர் விட்லொக் சற்று நேரம் விதியை வாசித்தார். பிறகு காகிதத்தை மடித்தார். அது விருந்தாளிகளுக்குப் பால் காய்ச்சியதாகவே கொள்ளப்படும் என்றார். ஐந்து பேரும் ஒப்புதல் அளித்தார்கள். அவர் எழுந்து வந்து சுஜீத்தின் கையைக் குலுக்கினார்.

சிவனேஸ்வரிக்கு ஆங்கிலம் இந்த அளவுக்குத் தாராளமாக விளங்கும். லிஃப்டுக்கு முன்னால் நின்றபோது ஆரம்பித்தார்.

"அப்ப அண்டைக்குப் பொங்கினது உங்கட பால்."

"பால் நீங்கள் கொண்டந்தது, அக்கா. நெருப்புத்தான் என்ரை."

"பால் கடையிலயும் இருக்கு. நெருப்புத்தானே விசயம்." மருமகள் பக்கம் திரும்பினார். "ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"மாமி, நீங்கள் கண்ணை மூடிப் பாடிக்கொண்டு நிண்டீங்கள். எப்பிடி நிப்பாட்டுறது?"

"அம்மா, அது ஒரு காஸ் குக்கர், அவ்வளவுதான்" என்றான் சுஜீத்.

"நீ வாயை மூடு. உன்ரை கொப்பர் இப்பிடித்தான் ஒண்டுமில்லை ஒண்டுமில்லை எண்டு மார்கழியில வீடு மாறினவர். ஒரு கிழமையில பொய்லர் வெடிச்சது."

"அது பழைய பொய்லர், அம்மா."

"இது பழைய அடுப்பு."

தை பிறக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று சிவனேஸ்வரி கோட்டின் மேல் பொத்தானைப் போட்டார். பியற்றிஸ் லிஃப்டின் இரும்புக் கதவைப் பிடித்தபடி நின்றார். அவருடைய கோபத்தை நான் ஒருபோதும் கண்டதில்லை, அன்றும் காணவில்லை.

"அக்கா, நாளைக்கு என்ன மாதம்?"

"கார்த்திகைதான். கடைசி நாள்."

"இப்ப கொமிற்றியும் ஓமெண்டிட்டுது. நாளைக்குக் காலமை வாங்கோ. நீங்களே மூட்டுங்கோ, நீங்களே காய்ச்சுங்கோ. நான் குசினிப் பக்கமே வரமாட்டன்."

"நாள் பாக்காமல் ஏலாது."

"கேளுங்கோவன்."

சிவனேஸ்வரி கைப்பேசியை எடுத்து, தங்கள் கோயில் ஐயரை அழைத்தார். மறுமுனையில் மணிச்சத்தம் கேட்டது. நீண்ட நேரம் "ஓம் ஐயா, ஓம் ஐயா" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். "நாள் சுமார். நேரம் நல்லது. விடிஞ்சு, ராகு காலத்துக்கு முதல் முடிக்கட்டாம்" என்றார். பிறகு பியற்றிஸைப் பார்த்து, "வரேக்கை நீங்கள் உள்ளுக்கு இருந்தாலும் சரியில்லை. இருந்தால் நீங்கள் வீட்டுக்காரி, நாங்கள் விருந்தாளி. இப்பதானே அவைக்கும் சொன்னனீங்கள்" என்றார்.

"வெளியில நிக்கிறன்."

காலையில் அலாரம் அடிக்கக்கூடும் என்று அன்றிரவு எல்லாக் கதவுகளிலும் ஓர் அறிவித்தலைச் செருகினேன். காலையில் பியற்றிஸ் மூன்றாம் மாடி யன்னல்களை எல்லாம் அகலத் திறந்து வைத்தார். அவர்கள் வந்ததும் வாசற்கதவின் திறப்பை சிவனேஸ்வரியின் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். கதவு ஒருக்களித்திருந்தது. நானும் அவரும் படிக்கட்டின் மேல் தளத்தில் நின்றோம். கீழ் மாடியில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மிஸ்டர் விட்லொக் கனத்த கோட்டும் கம்பளித் தொப்பியும் சப்பாத்தும் அணிந்து, இறங்கத் தயாராகப் படியில் நின்றார். எங்களுக்குக் கையசைத்தார்.

உள்ளே தேவாரம் தொடங்கியது. அதன் ஊடே அடுப்பின் பொறி தட்டும் சத்தம் கேட்டது. டிக், டிக், டிக். நின்றது. மீண்டும் டிக், டிக். புசுக்கென்று ஒரு சத்தம், அணைந்துவிட்டது.

பியற்றிஸின் வலது கை கோட்டுப் பைக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. "கையை எடுக்காதை, பிள்ளை" என்று தனக்குள் சொன்னார். "பிடி, பிடி. எடுக்காதை."

"போய்ச் சொல்லிவிடுமன். வாயால சொல்லுறதில என்ன?"

"வேண்டாம், அண்ணை. பிறகு அதுவும் என்ரை நெருப்பெண்டு வரும்."

மூன்றாவது தடவையும் அணைந்தது. தேவாரம் முடியும் கட்டத்துக்கு வந்தது, ஆனால் முடியவில்லை. சிவனேஸ்வரி அதே பதிகத்தை முதலிலிருந்து மீண்டும் பாடத் தொடங்கினார். இந்த முறை அவர் கண்ணை மூடியிருக்கவில்லை என்று நினைக்கிறேன். பியற்றிஸ் சுவரில் சாய்ந்து முழங்காலைத் தேய்த்தார். ஒரு பஸ் கீழே தரிப்பிடத்தில் நின்று, கதவு மூடும் சத்தத்துடன் புறப்பட்டது. திறந்த யன்னல்களால் குளிர் வீடு முழுவதும் ஓடி, ஒருக்களித்த கதவின் வழியே எங்கள் காலில் பட்டது.

டிக், டிக். பிறகு ஒன்றும் இல்லை. அணைகிற சத்தமும் இல்லை.

"பிடிச்சிட்டாள்" என்றார் பியற்றிஸ்.

பால் பொங்க எடுக்கும் நேரம் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அது நீளமாக இருந்தது. "மாமி, வருது, வருது! பொங்கீற்றுது!" என்று உள்ளே ஜதுர்ஷிகா கத்தினாள். சுஜீத் ஆங்கிலத்தில் ஏதோ கத்தினான். மிஸ்டர் விட்லொக் தலையை உயர்த்தி அலாரத்தைப் பார்த்தார். அது அமைதியாக இருந்தது. சற்று நேரம் காத்திருந்துவிட்டு, தொப்பியைக் கழற்றி உள்ளே போனார்.

சிவனேஸ்வரி கதவை அகலத் திறந்தார்.

"ஏன் வெளியில நிக்கிறியள்? உள்ளுக்கு வாங்கோ."

இருபத்தாறு வருடங்களாகத் தன்னுடையதாக இருந்த வாசலில், பியற்றிஸ் ஒரு கையால் நிலையைப் பிடித்துக் குனிந்து, சப்பாத்தைக் கழற்றினார். விருந்தாளிகளின் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் நேராக வைத்தார். "வாறன், அக்கா" என்று சொல்லி உள்ளே போனார். முதல் குவளைப் பாலை சிவனேஸ்வரி அவருக்குக் கொடுத்தார். சீனி போதாது என்று பியற்றிஸ் சொன்னார். அடுத்த குவளையில் கூடிவிட்டது.

அன்று மாலையே கையெழுத்தான ஒப்பந்தங்கள் கைமாறின. இருபத்திரண்டாம் திகதி வீடு கைமாறியது. நத்தார் பூசைக்குப் பியற்றிஸ் மனோர் பார்க்கில் தன் வீட்டிலிருந்து நடந்து போனார். இரண்டு நாள் கழித்து நான் போனபோது, புதிய மின் அடுப்பில் தேநீர் வைத்துக்கொண்டிருந்தார். றஜீனா வாங்கிக் கொடுத்தது. விரல் பட்டாலே சூடாகும்.

"எப்பிடி அடுப்பு?" என்றேன்.

"இது ஆர் சொன்னாலும் கேக்குது, அண்ணை" என்றார். அவருடைய கை இன்னும் அதன் பொத்தானின் மேலேயே இருந்தது.